எட்டுக் கூர் ஜன்னல்கள்

உலு திராமிலிருந்து ஜோகூர் பாரு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கண்ணாடி பொருத்தும் வேலைக்காரர்கள் இருவர். தொப்பி போட்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"அண்ணே, நான் ஒரு ஜன்னலத்தான் அளந்தேன்."

"எது, கத்தீட்ரல்கிட்ட, ஜன்னல் மேல கூரா இருக்கிற அந்தக் கோத்திக் வீடா? எட்டும் ஒரே மாதிரிதான லா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த அளவுக்கே எட்டும் வெட்டிட்டேன். நேத்து மாட்டிப் பாத்தா, ஒண்ணுதான் சரியா உக்காருது. மத்ததுல கூர் ஒவ்வொரு பக்கமா சாஞ்சிருக்கு. எல்லாம் அந்தக் காலத்துல கையால கட்டுனது."

"அலமாக்! வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"

"பத்து மணிக்கு வர்றாங்க."

"பதறாத. பழைய கலர் கண்ணாடி இருக்குல்ல? இப்போதைக்கு அதையே திரும்ப மாட்டிரு."

தொப்பிக்காரர் வெளியே மழையைப் பார்த்தார்.

"ஒடச்சுத்தாண்ணே எடுத்தேன்."