மூணரை வரி

ஒசுமி: இன்னுமாய்யா மைக்கட்டிய உரசுற?

மன்கிச்சி: கெட்டியா இல்ல... தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு...

ஒசுமி: விலக்குச் சீட்டுதானே, எடோ பட்டணத்துல எல்லாப் புருஷனும் எழுதுறதுதான். இவள விட்டுட்டேன், இனி யாரை வேணா கட்டிக்கட்டும்னு. மொத்தம் மூணரை வரி. அதுக்கு ஒரு தொட்டி மை எதுக்கு?

மன்கிச்சி: அம்மா போன துக்கத்துல பேசுற புள்ள. ரெண்டு நாள் போகட்டும்...

ஒசுமி: நேத்து எங்க ஊர்க்காரர் வரலேன்னா அம்மா போனதே எனக்குத் தெரிஞ்சிருக்காது! "படுத்த படுக்கையா கெடந்து, வா வான்னு கடுதாசி போட்டாளே, ஏம்மா வரல"ன்னு கேக்குறார். அந்தக் கடுதாசிய எனக்கு நீ என்னன்னு வாசிச்சுக் காட்டின?

மன்கிச்சி: அது... இந்த மை இன்னும்...

ஒசுமி: வாயில என்ன, அவிச்ச கிழங்கா?

மன்கிச்சி: அம்மா சௌக்கியம்... முள்ளங்கி ஊறப்போட்டாச்சு... நம்ம வீட்டுச் செவலைக்குதிரை நல்லாருக்கு...

ஒசுமி: அப்புறம்?

மன்கிச்சி: வழியெல்லாம் பனி... இப்ப வர வேணாம்...

ஒசுமி: வாயத் தொறந்தா எண்ணூறு பொய்யின்னு உன்னத்தான்யா சொல்லணும். எழுது!

மன்கிச்சி: எழுதுறேன். அந்தப் பக்கம் திரும்பிக்க.

ஒசுமி: ஏன்?

மன்கிச்சி: நீ பாத்தா கை ஓடல.

ஒசுமி: தொட்டி செய்யுறப்ப தெருவே பாத்தாலும் ஓடுற கை... ஆச்சா?

மன்கிச்சி: இந்தா.

ஒசுமி: ...மூணு கோடு. பக்கத்துல பாதிக் கோடு.

மன்கிச்சி: மூணரைதான். எழுத்தறியாதவன் கோடு போட்டுக் குடுத்தாலும் செல்லுமாம். வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார்.

ஒசுமி: எழுத்தறியாதவன்...

மன்கிச்சி: சின்னதுல கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாலாம் நாள் நின்னுட்டேன். தெருவே "மூணு நாள் சாமியார்"னு கூப்பிட்டுச்சு. நீ வந்த புதுசுல மொதக் கடுதாசிய நீட்டி, "உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே"ன்ன... அவ்வளவு பெருமையா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் அஞ்சு வருஷம்... கடைசிக் கடுதாசிய யாருகிட்டயாச்சும் காட்டியிருக்கலாம். வெக்கம். நீ ஊருக்குப் போயிட்டா நான் தனியாயிடுவேன்னு, வர வேணாம்னு வேற சேத்துக்கிட்டேன்... மடிச்சு வச்சுக்க. நான் வெளிய போறேன்.

ஒசுமி: உக்காரு.

மன்கிச்சி: என் மூஞ்சியப் பாக்காத ஒசுமி.

ஒசுமி: நான் எந்த மூஞ்சிய வச்சு உன்னப் பாக்குறது? பழியெல்லாம் உன் தலையில கட்டிட்டு ஓடிடலாம்னுதான் எழுதச் சொன்னேன்... செவலை நல்லாருக்குன்னு ஒவ்வொரு தடவையும் வாசிச்சியே...

மன்கிச்சி: நீ அதப் பத்திப் பேசினா மூஞ்சி மலரும்... அதான்...

ஒசுமி: நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷமே அது செத்துப்போச்சுய்யா. நீ இட்டுக்கட்டித்தான் வாசிக்கிறன்னு மொதக் கடுதாசிலயே எனக்குத் தெரியும். கேக்க நல்லாருந்துச்சு... கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.