எஃபி பிடித்த மூலை

சீமை நெல்லிப் புதர் வளர்ப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. குளிர்காலத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து, வேரடிக்குக் குதிரைச் சாணம். காய் பிடித்ததும் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். இரக்கப்பட்டால் எல்லாமே சுண்டைக்காயாகிவிடும். இந்த வருஷம் என் பழம் கோழிமுட்டையை விடப் பெரிது. இந்தச் செஷைர் மாவட்டம் முழுக்க அதற்கு ஈடில்லை என்றார்கள்.

பருத்த பழத்துக்கு மழைதான் எமன். திடீரென்று தண்ணீர் ஏறினால் தோல் வெடித்துவிடும். முன்கூட்டிப் பறிக்கவும் வழியில்லை. மிகப் பெரிய நெல்லிக்கான போட்டிக்கு முந்தின நாள் மாலை, இரண்டு சாட்சிகள் பார்க்கப் பறித்துப் பெட்டியில் முத்திரை வைத்தால்தான் செல்லும். அன்று மதியமே வானம் கறுத்தது.

புதரை மூடிக் கித்தான் கட்டினேன். மூன்று மூலைகள் நின்றன. நான்காவது மூலையின் முளைக்குச்சி காற்றில் முறிந்தது. அங்கே ஓர் இரும்புக் கழியை ஊன்றி, பிடித்துக்கொள்ளச் சொல்லி என் மனைவி எஃபியைக் கூப்பிட்டேன். நான் மண்டியிட்டுப் பழத்தை உள்ளங்கையில் தாங்கினேன்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிக் குடை பிடிச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள்.

பக்கத்து வயலில் இடி விழுந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"பயமா இருக்குங்க. நெஞ்சு என்னமோ பண்ணுது. உள்ள போயிடலாம்."

அவள் இதயம் பெரிய பயத்தைத் தாங்காது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. ஆனால் அவள் நடுங்க நடுங்கக் கித்தானும் ஆடியது, பழத்தின் மேல் தண்ணீர் தெறித்தது. அதனால் அவள் மணிக்கட்டுகளைக் கழியோடு சேர்த்துக் கட்டினேன். கிளை கட்டுகிற மெத்தென்ற நார்தான், தோல் சிராய்க்காது.

"அவுத்து விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று அழுதாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன்.

பிறகு அவள் நடுக்கம் நின்றது. முழங்கால் மடிந்து கழியோடு தொங்கினாள். அவள் பாரத்தில் கித்தான் இறுகி நின்றது. மனதார நன்றி சொன்னேன்.

மாலையில் சாட்சிகள் வந்தார்கள். "பழத்துக்கு ராஜ உபசாரமா இருக்கே," என்று கேலி செய்துகொண்டே வந்த கிளெம், எஃபியைப் பார்த்ததும் அலறினான். முதலில் பழத்தைப் பறித்துவிடலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. பழம் இன்னும் புதரில்தான் இருக்கிறது. வெளியே மறுபடி தூறுகிறது, யாரையாவது அனுப்பி அதை மூடச் சொல்லுங்கள்.

செத்துப்போவாள் என்று தெரிந்துதான் கட்டினேன், ஐயா. ஆனால் இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிளெம் நாரை அறுத்த பிறகும் அவள் விரல்கள் கழியை விடவில்லை. மனமில்லாதவளா அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பாள்?