சால்ட்மில்லின் சிறந்த பாடல்கள்

பழைய பாட்டுக் குழுக்களின் 'சிறந்த பாடல்கள்' என்று ஒரு தொகுப்பு வந்தால் அதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும், சார். நான் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிப்படையைச் சொல்லாமல் பாடம் நடத்திப் பழக்கமில்லை.

சால்ட்மில் என்பது இங்கிலாந்துக்காரர்கள் நான்கு பேர். எழுபதுகளில் ஒன்பது ரெக்கார்டுகள் போட்டார்கள், பிறகு சண்டை போட்டுப் பிரிந்தார்கள். ஆவூர்ப் பக்கத்தில் அவர்களைத் தெரிந்தவர்கள் நானும் என் அண்ணன் மைக்கேல்சாமியும் மட்டும்தான். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். லீவுக்கு வரும்போது மற்றவர்கள் தைலமும் சேலையும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் சால்ட்மில்லையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு வேறு பொழுதுபோக்கே கிடையாது.

சால்ட்மில்லிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஊசியை வைத்தால் அந்தப் பக்கம் முடியும்வரை ஒரே ஓட்டம். அதிலிருந்து பேர் போன பாட்டுகளை மட்டும் வெட்டி எடுத்து இன்னொரு ரெக்கார்டில் ஒட்டி விற்பது, விருந்துக்குப் போய்ப் பாயசத்தை மட்டும் வழித்துக் குடித்துவிட்டு எழுந்து வருகிற மாதிரி. சமைத்தவனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

அண்ணி இறந்த பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறும். எனக்கு மட்டும் புரியும். அவன் மகள் பிரின்சிக்குத் திருச்சியில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஆகவே அவனைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று, யாரும் உட்கார்ந்து பேசாமலே முடிவாகிவிட்டது. நானும் மறுக்கவில்லை.

அவனுக்குச் சரியாக விழுங்க வராது. தொண்டை அடைத்துக்கொள்ளும். உடனே ஒருக்களித்துப் புரட்டி முதுகில் தட்டினால் சரியாகிவிடும். அதற்காகப் பிரின்சி ஒரு கைமணி வாங்கி அவனுடைய இடது கைப்பக்கம் வைத்தாள். மணிச் சத்தம் கேட்டால் நான் போட்டது போட்டபடி ஓடுவேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

இந்தத் தவக்காலத்தில்தான் சால்ட்மில் தொகுப்பு வந்திருப்பதைப் பிரின்சி போனில் காட்டியிருக்கிறாள். அண்ணனுக்கு அது வேண்டுமாம். நான் மேலே சொன்னதையெல்லாம் அவனுக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"எல்லா நல்ல பாட்டும் ஒண்ணுலயே இருக்குல்லடா" என்றான்.

"அதெல்லாம்தான் நம்மகிட்ட இருக்கே, அண்ணே. ஒம்பது ரெக்கார்டு இருக்கு."

"அதுல பாதிக்கு மேல குப்பைடா அமலு. ஒனக்குப் புடிக்குதேன்னு நானும் கூட ஒக்காந்து கேட்டேன். இனிமே அம்புட்டையும் கேக்க எனக்கு ஏது நாளு?"

இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். எனக்கு வலித்தது சார், அதை மறைக்கவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பாட்டுக் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாவது ரெக்கார்டின் கடைசியில் ஒரு பாட்டு உண்டு. எனக்கு அது உயிர். தொகுப்பில் அது இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அது யாருக்கும் பிடித்த பாட்டல்ல. ஆனால் அன்று முழுவதும் ஒரே யோசனை. அண்ணன் தன் வாழ்க்கைக்கு இப்படி ஒரு தொகுப்புப் போட்டால் அதில் சிங்கப்பூர் இருக்கும், அண்ணி இருப்பாள், பிரின்சி இருப்பாள். மூத்திரத் துணி மாற்றியவன் இருக்கமாட்டான்.

பிரின்சி ஆர்டர் போட்டுவிட்டாள். புனித வாரத்துப் புதன்கிழமை கூரியரில் வந்தது. தவக்காலத்தில் பாட்டு எதற்கு, ஈஸ்டர் அன்றைக்குப் போடலாம் என்றேன். தலையாட்டினான். அட்டையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் பெரிய வியாழன். அன்றைய பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது கோவில் மணிகளையெல்லாம் சேர்த்து அடிப்பார்கள். அதோடு சரி. பெரிய சனி இரவுவரை மணி அடிக்கக் கூடாது. ஆண்டவருடைய பாடுகளின் நாட்கள் அல்லவா, மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணனுடைய கைமணியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். காரணத்தையும் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கோவிலில் வளர்ந்த பிள்ளைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அருளம்மாள் அக்கா கஞ்சி கொண்டுவந்தது. பெரிய வெள்ளியன்று எங்கள் பக்கம் கஞ்சிதான்.

"என்ன தம்பி, அண்ணன் பக்கத்துல மணியக் காணோம்?"

"பெரிய வெள்ளில்லக்கா."

"அட ஆமால்ல! நான் ஒரு கூறுகெட்டவ. சரி, குடுங்க அவருக்கு. நான் செலுவப்பாதைக்குப் போயிட்டு வாரேன்."

வேறு ஊராக இருந்தால் என்னைத் திட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனது. கோவில் மணிக்கு உள்ள ஒழுங்கு நோயாளியின் கைமணிக்குக் கிடையாது என்று அடக்கத்துக்குப் பிறகு சாமியார் எனக்கு விளக்கினார். பாவம், எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன் நான், அதெல்லாம் தெரியும்.

அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினேன். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும், உடனே படுக்க வைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்றைக்கு நல்ல வெயில், அவன் முதுகு வேர்த்திருந்தது. தலையணைகளை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தேன். அனல் உள்ளே வரக் கூடாதென்று கதவையும் சாத்தினேன்.

பிறகு முன்னறையில் அந்தத் தொகுப்பைப் போட்டேன். பெரிய வெள்ளியன்று பாட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் ஒரு பொருளைக் கேட்டுப் பார்க்காமலே குறை சொல்வதும் நியாயமில்லை. சும்மா சொல்லக் கூடாது, ஒலி அவ்வளவு சுத்தம். எங்கள் பழைய ரெக்கார்டுகளில் அமுங்கிக் கிடந்த டிரம்ஸ் இதில் தனியாகத் தெரிந்தது. குறை என்றால் ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டையும் தனியாக வெட்டியதால் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். சால்ட்மில்லை அதுவரை நான் இடைவெளியோடு கேட்டதே இல்லை.

பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று நேற்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். கோவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், பெரிய வெள்ளியும் அதுவுமாக எப்படிச் சத்தமாக வைப்பேன்? எனக்கு மட்டும் கேட்கிற அளவில்தான் வைத்திருந்தேன்.

இரண்டாவது பாட்டு முடிந்த இடைவெளியில் கேட்டது. மரத்தைத் தட்டுகிற சத்தம். கோவிலில் கட்டை தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன் என்று இப்போது நான் சொல்லலாம், நீங்களும் நம்பலாம். ஆனால் கோவில் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. சத்தம் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தது. அண்ணனின் கட்டில் சட்டம் தேக்கு. அவன் இடது கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துத்தான் பிரின்சி உங்களிடம் வந்தாள், கெட்டிக்காரப் பெண்.

எழுந்து போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அது முடிந்தபோதும் தட்டினான். அதற்கடுத்த இடைவெளியில் சத்தம் மெலிந்திருந்தது. ஊசி அந்தப் பக்கத்தின் ஓரத்துக்கு வந்து உரசிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை.

என் அண்ணனை நான்தான் கொன்றேன். மணியை எடுத்தது, தலையணையை எடுத்தது, கதவைச் சாத்தியது எல்லாம் தெரிந்தே செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இருந்திருந்தால் அத்தோடு பிளேயரை அணைத்திருப்பேன். நான் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டு, அடுத்த பக்கத்தையும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவன் ஆசைப்பட்டு வாங்கியது, சார். பாதியில் நிறுத்தினால் அவன் மனசு சங்கடப்படும்.