தரைக்குக் கீழே பச்சைப் புள்ளிகள்

செல்போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது... ம். பேய்க் கதை என்றதும் நடுராத்திரியை எதிர்பார்ப்பீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். மண்டையைப் பிளக்கிற உச்சிவெயில். குஜிலியம்பாறை ரோடு. ஒரு பஸ் போய்விட்டால் அடுத்தது வரும்வரை அங்கே ஈ காக்கை இருக்காது.

அந்த ரோட்டோரம் கேமராவும் கையுமாக இறங்கினான் பெலிக்ஸ். என் சிநேகிதன் மிக்கேல்ராஜின் தங்கை மாப்பிள்ளை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்கேல்ராஜ் வைத்திருந்த ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் இவன்தான். வருஷம் 2007. கரட்டுக் காடெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்த நேரம். மனை விற்கிற கண்ணுசாமி ஒரு வேலை கொடுத்திருந்தார். வெறும் பொட்டலைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் செய்த வீட்டை அதில் நிற்க வைக்க வேண்டும். லோக்கல் சேனலில் விளம்பரம் போட.

"நல்லாப் பண்ணிக் குடு தம்பி. மூல மனைய ஒனக்குச் சல்லிசா முடிச்சுத் தாரேன்" என்றார்.

பெலிக்ஸின் மனைவி ஷைனிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில் ஒற்றை அறை. இப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைக்கு நடை வருவதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஜெபமே. ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து மனையை மந்திரிக்க ஏற்பாடும் ஆகிவிட்டது.

பெலிக்ஸ் அந்த மூலை மனையில் மெல்ல நடந்துகொண்டே படம் எடுத்தான். வெடித்துக் கிடந்த செம்மண். சுண்ணாம்படித்த கல். ஓரத்தில் ஒற்றைப் பனை. நடக்க நடக்க... டொம்... டொம்... என்று காலடியில் சத்தம். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து படத்தைச் சாப்ட்வேரில் போட்டான். அது என்ன செய்யும் என்றால், படத்தில் அசையாத இடமாகப் பார்த்துப் பச்சைப் புள்ளி வைக்கும். கல் முனையில் ஒன்று, பனையில் ஒன்று, முள்செடியில் ஒன்று. கேமரா நகர நகர அதையெல்லாம் விடாமல் பின்தொடரும். கடைசியில் கணக்குப் போட்டு, எந்தப் புள்ளி எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று காட்டிவிடும். அது சரியாக இருந்தால்தான் வைக்கிற வீடு வழுக்காமல் நிற்கும்.

கணக்கு முடிந்ததும் திரையில் அந்தப் புள்ளிகளை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தான். தரைமட்டத்துக்கு மேலே கல், பனை. சரி. தரைக்குக் கீழேயும்... புள்ளிகள். கல் தலைகீழாக. பனை தலைகீழாக.

இது அவனுக்குப் பழகிய கூத்துதான். போன மாதம் ஒரு குளக்கரையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் படம் எடுத்தபோது இதே மாதிரி வந்தது. தண்ணீரில் தெரிகிற பிம்பத்தை நிஜமென்று நம்பி, சாப்ட்வேர் அடியில் இன்னொரு கரையைக் கட்டிவிடும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டுமே!

முதலில் மச்சான் மேல் சந்தேகம். "ஏன் மச்சான், என் படத்துல கைய வச்சீங்களா?"

"எனக்கு வேற சோலி இல்ல பாரு" என்று எரிந்து விழுந்தான் மிக்கேல்ராஜ்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். அதே தலைகீழ்ப் பனை. இப்போதுதான் கவனித்தான். அதற்கும் அடியில், ரொம்ப ஆழத்தில், நாலைந்து புள்ளி. எதன் பிம்பம் என்று தெரியவில்லை.

அடுத்த சந்தேகம் கண்ணுசாமி மேல். போன் போட்டான்.

"அண்ணே, அந்த மூல மனையில முன்னாடி கெணறு ஏதும் இருந்துச்சா?"

கண்ணுசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு சொன்னா?"

அவ்வளவுதான், வைத்துவிட்டார். இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாரு சொன்னா என்று கேட்டால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் சொன்னதும் ஷைனி பிடித்துக்கொண்டாள். "உங்கம்மாவ விட்டு வர மனசில்ல. அத நேரா சொல்லுங்க. கம்ப்யூட்டர் மேல எதுக்குப் பழி போடுறீங்க?" அழுதே விட்டாள். "நானும் வாரேன். என்னைய நிக்க வச்சு எடுங்க. என்ன தெரியுதுன்னு நானே பாக்குறேன்."

மறுநாள் அதே உச்சி வேளை. வாசல் வரவேண்டிய இடத்தில் ஷைனி ஆடாமல் அசையாமல் நின்றாள். பெலிக்ஸ் அவளைச் சுற்றி நடந்து எடுத்தான். எங்கிருந்தோ பாசி வாடை. "ஏங்க... காலு குளிருதுங்க" என்றாள். அந்த வெயிலில்! வீட்டில் வந்து செருப்பைக் கழற்றினால் அடியில் ஈரச் சேறு. அந்தப் பக்கம் மழையைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

ஸ்டுடியோவில் இரண்டு பேரும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். ஷைனி மேலும் புள்ளி விழுந்திருந்தது. தலை, தோள், முந்தானை. தரைக்குக் கீழே கல் தலைகீழ். பனை தலைகீழ். அவளுக்கு நேர் கீழே ஆள் உயரத்துக்குப் புள்ளிகள்.

"அது... நான்தானங்க?" ஷைனி திரையில் விரலை வைத்துக் கேட்டாள்.

பிம்பம் என்றால் அதுவும் தலைகீழாகத்தானே தொங்க வேண்டும்? இது நேராக நின்றது. அதன் உச்சந்தலை ஷைனியின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆழத்தில் கிடந்த அந்த நாலைந்து புள்ளியை இப்போது அங்கே காணோம்.

மனை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள், பாவம். கண்ணுசாமி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கவனியுங்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெண் பிள்ளை பிறந்தது. ஐரின். ஞானஸ்நானம் முடிந்து டவுனில் ஒரு ஹாலில் விருந்து. வீடியோவில் பிள்ளையின் பேர் தலைக்கு மேல் மிதக்க வேண்டும் என்று ஷைனிக்கு ஆசை. அத்தனை நாள் அந்தச் சாப்ட்வேரைத் தொடாதிருந்த பெலிக்ஸ், அவளுக்காகத் திறந்தான். தரை முழுக்க ஜமுக்காளம். அதில் எந்தப் பிம்பம் தெரியப் போகிறது என்று ஒரு தைரியம்.

பக்கவாட்டில் திருப்பினான். மேலே நாற்காலியில் ஷைனி, மடியில் பிள்ளை. தரைக்குக் கீழே நாற்காலி இல்லை, தூண் இல்லை. எதுவுமே இல்லை. அது மட்டும் நின்றது. நேராக... கையைத் தூக்கிக்கொண்டு. கை ஜமுக்காளத்தைத் தாண்டி மேலே வந்திருந்தது. கடைசிப் புள்ளி பிள்ளையின் இடது குதிகாலில்.

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விருந்து முடிவதற்குள் ஷைனி பிள்ளைக்கு மூன்று தடவை சாக்ஸ் மாற்றினாள். இடது காலுக்கு மட்டும். போடப் போட நனைந்துகொண்டே இருந்தது. பாசி வாடை வேறு.