சிவப்புப் பொத்தானுக்குப் பொறுப்பேற்ற வீரசிங்கம் அவர்களுக்கு

மின்சாரத்தின் மனமறிந்த மாண்பாளரே! மழையும் மூடுபனியும் மாறிமாறி முற்றுகையிடும் இம்மலையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் முடங்காமல் காத்த மூத்த மின்னியலாளரே! லுணுகலை மண் ஈன்ற நல்லவரே! உங்களை வாழ்த்தி வழியனுப்ப வந்து கூடியிருக்கிறோம்.

கொழுந்து குவிந்த நாட்களில் சோற்றுப் பொதியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனவர் நீங்கள். பழைய மின்கட்டுப்பாட்டுப் பேனலின் ரிலேக்கள் எழுப்பும் டக்டக் ஓசையை வைத்தே எந்த இயந்திரம் களைத்திருக்கிறது என்று கண்டவர். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது என்பது உங்கள் துணைவியாரின் வாக்குமூலம்.

அவையோரே! இப்படியே புகழ்ந்து எழுதி முடித்து, நேற்று முன்தினம் அவருக்கு வாசித்துக் காட்டினோம். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொத்தான் கதையைக் காணோமே? அது இல்லாட்டி இந்த மடலக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுக்காதீங்க, வீட்டுல மாட்ட மாட்டேன்,” என்றார். ஆகவே அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு, நாற்பது வயதான பேனலைக் கழற்றிவிட்டுக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற நிர்வாகம் முடிவு செய்தது. பழைய வரைபடத்தை எலி தின்று ஏப்பம் விட்டுப் பல காலம். எனவே பதுளையிலிருந்து வந்த பொறியியலாளர் ஷிஹானா ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து புதிதாக வரைந்தார். வீரசிங்கம் பக்கத்தில் நின்று விளக்கினார். இரண்டு வரிசை முடிந்ததும் ஷிஹானா தேநீர் குடிக்கப் போனார்.

மூன்றாம் வரிசையில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது. சல்லடை இயந்திரத்தை அவசரத்தில் நிறுத்தவேண்டிய சிவப்புப் பொத்தானைச் செயலற்றதாக்கிய கம்பி அது. அதற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஈரம் புகுந்த அந்தப் பொத்தான் காரணமில்லாமல் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டே இருந்ததால், புதியது வரும்வரைக்கும் என்று வீரசிங்கமே போட்டது. புதியது வரவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்ற அந்த நாளை பதினோரு ஆண்டு நீண்டது.

ஸ்க்ரூ டிரைவர் வீரசிங்கத்தின் கையில்தான் இருந்தது. கம்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட ஒரு நிமிடம் போதும். ஓய்வுக்கு ஓராண்டே மிச்சம். அப்பழுக்கில்லாத பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கம்பியைத் தொடாமல் நேரே போய் வழக்கமான சுவிட்சில் சல்லடையை நிறுத்தி, அங்கே வேலை செய்துகொண்டிருந்த இராக்கம்மாவிடம் சொன்னார்.

“தங்கச்சி, இந்தப் பொத்தான அமுக்குனா மெசின் நிக்காது. பதினோரு வருசமா நிக்காது. நான்தான் கம்பி போட்டு வச்சேன். தப்பு என்னுது.”

இராக்கம்மா பொத்தானைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “துணி பெல்ட்டுல மாட்டுனா இது இருக்குன்னு நெனச்சுத்தானே அண்ணே இங்க நின்னேன்?” என்றார். அதன்பின் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.

வீரசிங்கம் ஷிஹானாவிடமும் சொன்னார், நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்தார், எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினார். அந்தக் கடிதத்தை அவர் தாங்கிக்கொண்டார். எதிரே வந்தும் முகம் திருப்பிப் போகும் இராக்கம்மாவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புதிய அமைப்பு ஓடத் தொடங்கிய நாளில், எல்லோர் முன்னிலையிலும் இராக்கம்மாவை அழைத்தார். “அமுக்கிப் பாருங்க தங்கச்சி.” அமுக்கினார், சல்லடை நின்றது. திரும்ப ஓட்டச் சொல்லித் திரும்ப அமுக்கினார். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தலையில் கைவைத்து நிற்க, பதினோரு தடவை அமுக்கினார்! “வருசத்துக்கு ஒண்ணு,” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

ஐயா! பிறர் பழுதைப் பார்ப்போர் பலருண்டு. தம் பழுதைத் தாமே காட்டியவரை நாங்கள் உங்களில்தான் கண்டோம். வேலை தொடங்குமுன் அவரவர் பொத்தானை அவரவரே அமுக்கிப் பார்க்கும் வழக்கம் நீங்கள் ஏற்படுத்தியது. அதை நாங்கள் கைவிட மாட்டோம். கதிர்காமக் கந்தன் துணையிருக்க, நோயும் நொடியும் அண்டாமல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்!

கையொப்பம் வாங்கத் தொடங்கியபோது இராக்கம்மா தாமே முன்னால் வந்து பேனையை வாங்கிக்கொண்டார். “மன்னிச்சுட்டேன்னு எழுதாதீங்க. அண்ணன் சரின்னு சொன்ன மெசின் பக்கத்துல நான் நிப்பேன்னு எழுதுங்க,” என்றார்.

எழுதிவிட்டோம்.

இங்ஙனம்,
இராக்கம்மா, சல்லடைப் பிரிவு
மற்றும் தொழிற்சாலைப் பணியாளர் அனைவரும்