மாப்பிள்ளை வாத்து

எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கு முதல் பல் முளைத்தாலும், பெற்றவளுக்கு அடுத்தபடியாகத் தெரிவது எனக்குத்தான். சில வீடுகளில் பெற்றவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. நீங்கள் என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நானோ ஆயுசு முழுக்க அடுத்தவர்களை விசாரித்தே பழகியவள். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் பகுதி என் பொறுப்பு. அழுத்தினால் கீச்சென்று கத்தும் மஞ்சள் வாத்துதான் எங்கள் சரக்கு. கண் வைக்கிற இயந்திரம் தடுமாறினால் ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிடும். அந்தக் கோணக்கண் வாத்துகள் கடைக்குப் போகாது. பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். முனை திரும்பினாலே, "வாத்து அத்தை வந்தாச்சு" என்பார்கள். இடுப்பில் இருக்கிற குழந்தைகூட என்னைப் பார்த்துக் கை நீட்டும். பிள்ளை பெறாதவள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிய வாய்கள்தான் அதன்பின் என் வாசலில் வந்து இளித்தன.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் தன்னளவில் குழாய் மாதிரி விறைப்பானது. அதை வாத்தாக மெத்தென்று ஆக்க ஒரு திரவம் கலக்க வேண்டும். அதற்குப் படித்தவர்கள் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எண்ணெய் என்போம். எண்ணெய் என்று சொல்லிப் பழகிவிட்டால் பயம் வராது. குழந்தை வாயில் வைக்கிற பொம்மைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட எண்ணெய் ஒன்று உண்டு. எங்கள் முதலாளிக்கு அதுதான் பிடிக்கும். "சமையலுக்கா ஊத்தப் போறோம்? விடுங்கக்கா," என்பார்.

வெளிச் சோதனைக்கு மாதிரி அனுப்பும் நாளில் மட்டும் கலவைத் தொட்டியைக் கழுவித் துடைத்து, நல்ல எண்ணெய் ஊற்றுவோம். அதில் பிறக்கும் வாத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர். பெண் வீட்டுக்காரர் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் ஒழுக்கமாக இருக்கும் அல்லவா, அதனால். "என்னக்கா, மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்டாச்சா?" என்று கலவைக்காரர் கத்துவார். "போட்டாச்சு, நீ வாயை மூடிக்கிட்டா சம்பந்தம் முடிஞ்சுடும்," என்பேன். மொத்தப் பகுதியும் சிரிக்கும். மாப்பிள்ளையைப் பெட்டியில் வைத்து அனுப்பியது இந்தக் கைதான். அதை மறைக்கவில்லை.

கம்பெனிச் சோதனை அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவில்தான் குடியிருந்தாள். புருஷனுக்கு வெளியூரில் வேலை. அவளுடைய குழந்தைக்கும் கோணக்கண் வாத்து கொடுத்தேன். நன்றி என்று வாங்கிக்கொண்டவள், அதன் வாலை வெட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். கொடுத்ததை வெட்டிப் பார்க்கிறவளை என்னவென்று சொல்வது. மறுவாரம் என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோட சேர்ந்துதான் இருக்கும், ஆனா ஒட்டாது. குழந்தை சப்பச் சப்ப எச்சில்ல இறங்கிடும்."

"மாமியாரும் மருமகளும் மாதிரின்னு சொல்லு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "உடம்புல சுரக்கிறதையெல்லாம் குழப்பும்க்கா. ஆம்பளைப் பிள்ளைங்க வளர்ச்சியையே பாதிக்கலாம்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. இன்னைக்குக் காய்ச்சல் வராது, வாந்தி வராது. அதான் யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா தெரு கேக்கும். கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிடுங்கக்கா."

நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். அவள் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வீடு வீடாகப் போய், பல் முளைக்கிற குழந்தையின் வாயிலிருந்து வாத்தைப் பிடுங்கி, நான் கொடுத்தது கெட்டது என்று நானே சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்து எந்தக் குழந்தை கை நீட்டும்? அத்தை போய், பழைய பட்டப்பெயர் திரும்பி வரும். காய்ச்சல்கூட வராத ஒன்றுக்காக இவ்வளவு பெரிய விலை கேட்பது நியாயமாகப் படவில்லை. "பார்க்கலாம்மா," என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள் தையல்காரி கடையில் ஜாக்கெட் வாங்கப் போனேன். அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பொண்ணை ராத்திரியில வண்டியில கொண்டுவந்து விடுறானே, யாரு அவன்?" அவ்வளவுதான். அவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் என்று எனக்குத் தெரியும். மூக்கைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டேன். பதிலைத் தெருவே தயார் செய்துகொண்டது. தையல்காரி ஊசி கோப்பதற்குள் அவனுக்கு வயது, வேலை, பழைய பழக்கம் எல்லாம் வந்துவிட்டன. முதலாளி காதுக்கும் போனது. அவள் வேலையும் போனது.

நான் சொல்ல மறுத்ததை அவளே வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். கையில் வால் வெட்டிய வாத்து. எதிர்வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து, "முதல்ல உன் வீட்டுக்கு வந்து போறவனைப் பாரு. எங்க பிள்ளைங்களை அப்புறம் பாத்துக்கலாம்," என்று அடித்துச் சாத்தினாள். கதவு மூடுவதற்கு முன், அவளுக்குப் பின்னால் அவள் சின்ன மகன் வாத்தின் கழுத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. வேலை போன வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்று எல்லோரும் என்னிடமே வந்து சொன்னார்கள். "பாவம், விடுங்க," என்றேன். அன்றைக்குக் கொண்டுவந்த பையையும் பிரித்துக் கொடுத்தேன்.

அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். போகிற போக்கில் உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நீங்களும் மாப்பிள்ளையை எதிர்பார்க்காமல் தெருவுக்கே வந்து, குழந்தைகள் கையில் இருந்ததையே எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போது ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். தெரு முழுக்க இருந்த வாத்துகளில் அந்த எண்ணெய் இருந்தது. இதே தெருவில் இருக்கிற என் தம்பி மகள் கடிக்கிற வாத்தில் மட்டும் எப்படி இல்லாமல் போனது என்று. அந்தப் பெண் வந்துபோன அன்றே தம்பி வீட்டுக்குப் போய்க் கோணக்கண்களைப் பொறுக்கி எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மாதிரிக்கு அனுப்பியது போக மிஞ்சிய மாப்பிள்ளைகளைக் கொடுத்தேன். மாப்பிள்ளை மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. அதைத் தெருவுக்கெல்லாம் பங்கு போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பொறுக்கி எடுத்த கோணக்கண்கள் என்ன ஆயின என்று கேட்கிறீர்கள். வீணாக்க மனம் வரவில்லை. எதிர்வீட்டுச் சின்னவனுக்குக் கொடுத்தேன். ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் இதையும் விடாமல் எழுதுங்கள்: என் வாசலுக்கு வந்த எந்தப் பிள்ளையையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.