மேவிஸும் உள்ள போயிட்டா

…வெளக்கப் பாரும்மா, வெளக்க! கிறிஸ்துமஸுக்குக்கூட இந்தக் கடைத்தெருவுல இம்புட்டு வெளக்கு எரிஞ்சதில்ல. உக்காரு, உக்காரு. பஸ்ஸு இப்ப வராது. ஊருக்குப் புதுசா நீ? அதான் நேரத்துக்கு வந்து நிக்கிற.

அந்த வெளக்கு எரியுற எடம் முன்ன பேங்க்கு. பேங்க்கு போச்சு, பக்கத்துல கறிக்கடை போச்சு. இப்ப வந்திருக்கு பாரு, காசப் போட்டு பட்டனத் தட்டுற சூதாட்டக் கடை. பேரு 'தங்கக் குதிரை'யாம்! தங்கமும் இல்ல, குதிரையும் இல்ல. உள்ள போறவன்தான் கழுதையா வெளிய வர்றான்.

அதுக்கு மேல மாடியில பச்சைத் திரை தெரியுதா? என் வீடு. பத்து மணிக்குக் கடைய மூடுறான், சரி, பல்லக் கடிச்சுட்டு இருக்கேன். இப்ப விடிய விடிய தொறந்து வைக்க அனுமதி கேக்குறான்! கேக்குற மொதலாளி லண்டன்ல மெத்தையில தூங்குவான். நான் இங்க 'டிங் டிங் டிடிங்'க்கு மேல படுத்துக் கெடக்கணுமா? எழுபத்தாறு வயசும்மா எனக்கு. தூக்கம் வர்றதே பெரும்பாடு.

இன்னிக்கு கவுன்சிலருங்க நேர்ல வந்து பாக்குறாங்க. தெருக்காரங்க நெசமாவே எதிர்க்குறாங்களா, இல்ல இந்தக் கெழவன் ஒருத்தன்தான் கத்துறானான்னு. வாசல்ல கூட்டம் இருந்தாத்தான் ஆச்சு. இல்லன்னா ராவும் பகலும் டிங் டிங்தான்.

கூட்டம் எங்கன்னு தேடுறியா? அதான் வயித்தெரிச்சல்! காலையில எட்டுப் பேரு நின்னோம். மொதல்ல டெஸ்மண்ட் உள்ள போனான். "ரெண்டே நிமிஷம், நெவில்"னான். காலமெல்லாம் பஸ்ஸு ஓட்டுனவன், அவன் ரெண்டு நிமிஷம் என்னிக்கு ரெண்டு நிமிஷமா இருந்துச்சு? அவனக் கூட்டியாரேன்னு போன எங்க தெரு அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் திரும்பல. உள்ள வேலை பாக்குற கெய்லிப் பொண்ணு சும்மாவே டீ குடுக்குறாளாம். பிஸ்கட்டாம், அதுவும் ஒரு பக்கம் சாக்லேட் தடவுனது! ஹீட்டர் வேற. இங்க மழையில எனக்கு மூக்கு ஒழுகுது.

ஒவ்வொருத்தரா நழுவி, கடைசியில மேவிஸும் போயிட்டா. மேவிஸு! "சூது சாத்தானோட சொத்து"ன்னு சர்ச்சுல எந்திரிச்சுப் பேசுனவ. 'சூதாட்டக் கடை வேண்டாம்'னு நான் புடிச்சிருக்கேனே, இந்தப் பலகையில எழுதுனதே அவதான். "ஆடப் போகல நெவில், அவசரத்துக்குப் போறேன்"னா. என்ன அவசரமோ, கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா மெஷின் முன்னாடி உக்காந்து கையத் தட்டுறா!

என்னது… வயசானவங்க குளிருல வேற எங்க போவாங்கங்கிறியா? அதுவும் சரிதான். பேங்க்குக்குப் பின்னால பொதுக் கழிப்பிடம் ஒண்ணு இருந்துச்சு. மூடிட்டாங்க. ஏன் மூடுனாங்களா? நல்லாக் கேட்ட போ! நான்தான் மூட வெச்சேன். பின்ன என்னம்மா? சரியா என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ! ஒருத்தன் தண்ணி இழுத்து விடுவான், ஒருத்தன் உள்ள இருந்துக்கிட்டே சீட்டி அடிப்பான். கை காய வைக்கிற மெஷினு இருக்கே, அது உறுமுனா கட்டிலே ஆடும். எழுதுனேன், எழுதுனேன், கவுன்சிலே கை எடுத்துக் கும்புடுற வரைக்கும் எழுதுனேன். மூடக் கூடாதுன்னு மேவிஸ் வீடு வீடா கையெழுத்து வாங்குனா. நடக்குமா? ஜெயிச்சது நெவில்தான்!

ஏன் சிரிக்கிற? இல்ல, கால மாத்தி மாத்தி வெக்கிறது குளிருக்கு. குளிருக்குத்தாம்மா… அய்யய்யோ. காலையில ரெண்டு கப்பு காப்பி குடிச்சது தப்பாப் போச்சு. வீட்டுக்கா? மாடிப்படி ஏற எனக்குக் கால் மணி நேரம் ஆகும்மா, அதுக்குள்ள… இந்தா, பலகையக் கொஞ்சம் புடி. நீ சும்மா நில்லு போதும். மொறச்சுக்கிட்டு நில்லு. ரெண்டே நிமிஷம்…

ஏய், ஏம்மா! பஸ்ஸா? இப்பத்தான் வரணுமா அது! பலகையக் குடுத்துட்டு ஏறும்மா! ஏ டிரைவரு! நிறுத்துய்யா… அடப்பாவி, பலகையோட போறாளே!

கெய்லி, கதவத் தொறம்மா. ஆமா, நேத்து உன்னத் திட்டுனது நான்தான். கழிப்பிடம் ஆடுறவங்களுக்கு மட்டுமா? சரி, ஆடுறேன், ஆடித் தொலைக்கிறேன், மொதல்ல வழிய விடு…

யாரு? ஆ… வணக்கம் கவுன்சிலரம்மா! ஆமாமா, நெவில்தான், அத்தன கடுதாசியும் எழுதுனவன். கூட்டமா? இருக்காங்க, எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. நான் இந்தக் கடையக் கடுமையா எதிர்க்கிறேம்மா… செத்த நில்லுங்க, உள்ள போயிட்டு வந்து எதிர்க்கிறேன்!